பன்னிரண்டாவது மாத வாடகை

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. 2003 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள்தான். ஜோசஃபின் ஆபீஸ் மேஜை முன் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ்களுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தாள். போனை அவள்தான் எடுத்தாள். பேசியது கோதண்டராமன், அவள் வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருப்பவர்.

"ஆன்ட்டி, அங்கிள் ஏணியிலேருந்து விழுந்துட்டாரு. ஆட்டோவுல ஏத்தியாச்சு. நீங்க வீட்டுக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அவள் கேட்ட முதல் கேள்வி, "உயிரோட இருக்காரா?" என்பதல்ல. "பின்பக்கமா?" என்றுதான் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. அந்தத் துவைக்கிற கல்லு மேல."

சீல் கட்டையை ஸ்டாம்ப் பேடின் மீதே வைத்துவிட்டு எழுந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். எந்த நேரத்தில், எப்படி என்று அவர் விவரித்ததெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. பின்பக்கம் என்ற ஒரு சொல்லிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது.

அவள் கணவர் ரெமிஜியஸ் இருபத்திரண்டு வருடம் பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். லேத்தில் அவர் கடைந்த உருளையை அளக்க மைக்ரோமீட்டர் தேவையில்லை, கையில் உருட்டிப் பார்த்தாலே போதும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். 1992-ல் கம்பெனி ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தது. விருப்ப ஓய்வு என்று பெயர். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு காசோலையோடு வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் அப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய பங்களாவின் பின்னால், வாடகைக்கு இருந்த ஒற்றை அறை. மகன் டேரிலுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்தக் காசோலையில் என்ன செய்வது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சீட்டுக் கம்பெனியில் போடு என்றார்கள். லேத் ஒன்று வாங்கிச் சொந்தமாகப் பட்டறை வை என்றார்கள். ரெமிஜியஸ் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. லிங்கராஜபுரத்தில் அவர்களுக்கு முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று ஏற்கெனவே இருந்தது, பல வருடங்கள் சீட்டுக் கட்டி வாங்கியது. அதில் நாலு போர்ஷன் எழுப்பினார். கீழே முன்பக்கம் அவர்கள். கீழே பின்பக்கமும் மாடியில் இரண்டும் வாடகைக்கு.

"மெஷின் நின்னு போகும் ஜோஸ். வாடகை நிக்காது," என்றார்.

பெங்களூரில் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். பன்னிரண்டு எழுதினால் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் செலவு. ஊர் முழுக்க இருக்கிற வழக்கம் இது. எல்லாருக்கும் அது சட்டத்தில் ஒரு ஓட்டை. ரெமிஜியஸ் ஒருவர்தான் அதில் வேறொன்றைக் கண்டார். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே மனைவியிடம் சொன்னார்:

"காகிதத்துல பதினோரு மாசம்தானே இருக்கு? அந்தப் பதினோரு மாச வாடகை நமக்கு. பன்னிரண்டாவது மாசத்து வாடகை நமக்கில்ல. அது வீட்டோட மாசம்."

சொன்னதோடு நிற்கவில்லை. தபால் நிலையத்தில் தனியாக ஒரு பாஸ்புக் திறந்தார். ஒவ்வொரு போர்ஷனின் பன்னிரண்டாவது மாத வாடகையும் அதில் போகும். ரிப்பேருக்குத் தவிர வேறெதற்கும் அதிலிருந்து எடுப்பதில்லை. குடியிருப்பவர்களுக்கும் இது தெரியும். "அங்கிள், இது வீட்டோட மாசம், சமையல்கட்டு ஜன்னலைப் பாருங்க" என்று உரிமையோடு கேட்பார்கள். பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

"என்ன மேன் ரெமி, வீட்டுக்கு இந்த வருஷம் போனஸ் குடுத்தியா? பி.எஃப். புடிக்கிறியா?"

"ஈ.எஸ்.ஐ. மட்டும்தான் பாக்கி," என்பார் ரெமிஜியஸ்.

ஐந்து வருடம் அந்த வீடு அந்தத் தெருவிலேயே ஒழுங்கான வீடாக இருந்தது. ஏப்ரலில் மொட்டை மாடியில் வெடிப்பு இருக்கிறதா என்று முட்டி போட்டுப் பார்ப்பார். மழை வருவதற்குள் அடைத்துவிடுவார். தரையடித் தண்ணீர் சம்ப்பைக் கழுவ, குழாய் மாற்ற, சுண்ணாம்பு அடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் உண்டு. கட்டட வேலைக்குத் தனக்கோடி மேஸ்திரியைத் தவிர வேறு ஆளைக் கூப்பிட மாட்டார். வீட்டைக் கட்டியவரே அவர்தான். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், பேச்சில் பாதி கன்னடம். "ஓனரண்ணா மாதிரி பத்துப் பேர் இருந்தா பெங்களூர்ல ஒரு செவுரும் உதிராது" என்பார்.

அந்தப் பாஸ்புக்கில் முதலில் கை வைத்தது ஜோசஃபின்தான். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை; யாரும் கேட்டதுமில்லை.

1997-ல் டேரிலுக்கு இன்ஜினியரிங் சீட் பணம் கட்டித்தான் கிடைக்கும் என்றானது. கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் கார் வாங்கிக்கொண்டிருந்த காலம். பாஸ்புக்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அது வீட்டோடது ஜோஸ்."

"வீடு வாய் தொறந்து கேக்குதா? புள்ளை கேக்குது."

"வீடு கேக்காது. அதான் நாம முன்கூட்டியே குடுக்குறோம்."

"ஒரு வருஷம் வீட்டுக்கு லீவு குடுங்க. படிச்சு முடிச்சா அவன் கட்டுவான் உங்களுக்குப் புது வீடே."

அவர் ரொம்ப நேரம் பாஸ்புக்கின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக்கு லீவு இருந்தா சரி," என்று சொல்லிவிட்டு, பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அது போதவில்லை. அடுத்த வருடக் கட்டணம் வந்தது, அதற்கடுத்ததும் வரும். அப்போதுதான் ஜோசஃபின் இரண்டாவது யோசனையைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இன்னொரு கிளார்க் அப்படித்தான் செய்து மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தாள். மாத வாடகைக்குப் பதில் வீட்டை லீஸுக்கு விடுவது. குடிவருபவர் மொத்தமாக ஒரு லட்சம் கையில் தருவார். மூன்று வருடம் ஒரு ரூபாய் வாடகை கிடையாது. போகும்போது அந்த ஒரு லட்சத்தை அப்படியே திருப்பித் தந்துவிட வேண்டும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் மகனைப் படிக்க வைத்தார்கள், இன்னொரு மாடி கட்டினார்கள். திருப்பித் தர வேண்டிய நேரம் வந்தால் அடுத்து வருபவரின் பணத்தை வாங்கி முன்னவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மூன்று போர்ஷனும் லீஸுக்குப் போயின. டேரிலின் கட்டணம் முழுக்கக் கட்டி முடிந்தது. அன்று கணவனும் மனைவியும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து ரெமிஜியஸ் ஒன்று சொன்னார்.

"ஜோஸ், வாடகையே இல்லன்னா, பன்னிரண்டாவது மாசம் ஏது?"

அவள் சிரித்தாள். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

2000-ல் மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் கசிவு கண்டது. நீர் பின்சுவர் வழியாக இறங்கி, மாடி ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜாவில் போய்த் தேங்கியது. வெயிலும் மழையும் ஜன்னலுக்குள் வராமல் தடுக்கிற காங்கிரீட் பலகைக்கு பெங்களூரில் சஜ்ஜா என்றுதான் பெயர். அதற்கு நேர் கீழே தரையில், பின்பக்கப் போர்ஷனின் குழாயும் துவைக்கும் கல்லும்.

தனக்கோடி வந்து பார்த்தார். சஜ்ஜாவின் அடியில் விரலால் தட்டினார். பொத்தென்று ஒரு சத்தம் வந்தது.

"அண்ணா, கம்பி துரு ஏறி உப்பிப் போச்சு. தொட்டியை மொதல்ல சரி பண்ணணும். அப்புறம் சஜ்ஜாவை ஒடைச்சி எடுத்துட்டுப் புதுசா போடணும். மேல பூசினா நிக்காது."

எவ்வளவு ஆகும் என்று சொன்னார். ஒரு போர்ஷனின் நாலைந்து மாத வாடகைக்கு மேல் இல்லை. வாடகை வந்துகொண்டிருந்த காலமாக இருந்தால் ரெமிஜியஸ் அன்றைக்கே முன்பணம் கொடுத்திருப்பார். "டேரில் வேலைக்குப் போகட்டும் மேஸ்திரி," என்றார். தொட்டிக்கு மட்டும் தாமே ஏதோ பசை வாங்கித் தடவினார். சஜ்ஜாவின் அடியில் சிமென்ட் பூசினார். அடுத்த மழையில் பூச்சு மட்டும் தோசை போல உரிந்து விழுந்தது.

2001-ல் டேரில் படித்து முடித்தான். அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வாசலில் நின்றவர்களைக்கூடத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. ஒன்றரை வருடம் சும்மா இருந்தான். பிறகு ஒரு கால் சென்டரில் இரவு வேலை கிடைத்தது. சம்பளம் அவன் செலவுக்கே சரியாக இருந்தது.

அதற்குள் பின்பக்கப் போர்ஷனில் இருந்தவர்கள் காலி செய்கிறோம் என்றார்கள். அவர்களுடைய ஒரு லட்சத்தைத் தர வேண்டும். புதிதாகப் பார்க்க வந்தவர்கள் பின்சுவரின் ஈரக்கறையைப் பார்த்தார்கள்; பார்த்துவிட்டு வரவில்லை. நாலாவது குடும்பமும் வராமல் போனபோது ரெமிஜியஸ் ஒரு டப்பா டிஸ்டெம்பர் வாங்கிவந்தார். ஈரத்தின் மேலேயே இரண்டு கோட் அடித்தார். சஜ்ஜாவின் அடியிலும் அடித்தார். மறுநாள் கோதண்டராமனும் அவர் மனைவி தமயந்தியும் வந்து பார்த்து, சுவர் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லி லீஸ் பேசி முடித்தார்கள். அவர்கள் போன பிறகு ரெமிஜியஸ் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே இருந்தார், அதில் கழுவ ஒன்றும் மிச்சமில்லாத பிறகும். டிஸ்டெம்பர் தண்ணீரிலேயே போய்விடுமே, மண்ணெண்ணெய் எதற்கு என்று கேட்க நினைத்து, முகத்தைப் பார்த்துவிட்டு ஜோசஃபின் கேட்கவில்லை.

முதல் மழையிலேயே குட்டு உடைந்தது. கோதண்டராமன் பஸ் கம்பெனியில் டிக்கெட் கணக்குப் பார்ப்பவர், கோபத்தைக்கூடக் கேலியாகத்தான் சொல்வார்.

"அங்கிள், உங்க டிஸ்டெம்பருக்குத் தாகம் ஜாஸ்தி. தண்ணியா குடிச்சி வெச்சிருக்கு பாருங்க."

ரெமிஜியஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜோசஃபினுக்கு அவ்வளவு வலித்திருக்காது. லேத் முன்னால் நிற்கும்போது நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார். அதற்கப்புறம் தமயந்தியைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார்.

"அந்தக் கல்லுல துவைக்காதம்மா. முன்பக்கம் எங்க குழாயில துவைச்சிக்க."

சஜ்ஜாவின் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி அளவு காங்கிரீட் ஏற்கெனவே உதிர்ந்திருந்தது. கல்லைச் சுற்றி ஒரு நைலான் கயிறு கட்டினார். தமயந்தி ஒரு வருடம் முன்பக்கம்தான் துவைத்தாள். முன்பக்கம் என்பது ஜோசஃபினின் வாசல். அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலெல்லாம் சோப்பு நுரை. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அந்த ஜூலை வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டாள். படியில் கால் வழுக்கியது. விழவில்லை, டிபன் டப்பா மட்டும் உருண்டு திறந்து தயிர்சாதம் நுரையில் கொட்டியது.

"ஏம்மா தமயந்தி, உங்களுக்குன்னு ஒரு கல்லு போட்டுத்தானே வெச்சிருக்கோம்? வாங்குற லீஸுக்கு எங்க வாசலையும் சேத்தா எழுதிக் குடுத்தோம்?"

"எனக்கென்ன ஆசையா ஆன்ட்டி? அங்கிள்தான் அங்க போகாதன்னாரு."

"அவருக்கு எல்லாத்துக்கும் பயம். நாளையிலேருந்து உங்க எடத்துல துவைங்க."

தமயந்தி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ரெமிஜியஸ் உள்ளே நாற்காலியில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். மாலையில் ஜோசஃபின் வந்தபோது அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தெருக்கோடி பெயின்ட் கடையிலிருந்து வந்த ஒரு சின்னப் பொட்டலம் மட்டும் ஜன்னல் கட்டையில் இருந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அவர் எதிர்வீட்டில் மூங்கில் ஏணி கேட்டு வாங்கியிருக்கிறார். தமயந்தியிடம், "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கம்மா, நாளைக்கு நீ தைரியமா துவைக்கலாம்," என்றிருக்கிறார். ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கோதண்டராமன் கேட்டதற்கு, வேண்டாம், கீழே யாரும் நிற்கக் கூடாது என்றாராம். டேரில் அப்போது முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளையை அவர் எழுப்பவில்லை.

அவர் செய்யப் பார்த்தது பெரிய வேலை இல்லை. இரும்பு அவருக்குத் தெரியும். துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி துரு ஏறாதபடி ரெட் ஆக்சைடு அடித்து மூடினால் இரும்பு பிழைத்துக்கொள்ளும். காசில்லாமல் தன் கையாலேயே முடிகிற வைத்தியம். அதற்குக் கம்பி வெளியே தெரிய வேண்டும். அதனால் சஜ்ஜாவின் அடியில், சுவரோரமாக, உளி வைத்துக் காங்கிரீட்டைக் கொத்தி எடுத்திருக்கிறார். சஜ்ஜா மொத்தமாகப் பெயர்ந்து ஏணியையும் அவரையும் சாய்த்துக்கொண்டு கீழே வந்துவிட்டது.

ஏழாம் நாள் பூசைக்கு வந்த தனக்கோடி பின்பக்கம் போய் நின்று மேலே பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"முனையிலேருந்து ஒடைச்சிக்கிட்டு செவுரு பக்கம் வரணும் அக்கா. செவுரோரத்துல கை வைக்கவே கூடாது. அந்த எடத்துலதானே அது புடிச்சிக்கிட்டிருக்கு. என்னைக் கூப்பிட்டிருந்தா காசே வாணாம்னு..." துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அண்ணன் கூப்பிட மாட்டாரு. காசில்லாம கூப்பிட மாட்டாரு," என்றார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் வீட்டை வாங்க ஒருவர் வந்தார். வேறு வழியில்லை. மூன்று குடும்பத்தின் லீஸ் பணமும் வீட்டுக்குள்ளேதான் இருந்தது; வீட்டை விற்றால்தான் வெளியே வரும். அவர் கன்னடமும் தமிழும் கலந்து மரியாதையாகப் பேசினார். சைட்டை மட்டும் அளந்தார். உள்ளே வரவே இல்லை. ஜோசஃபின் கேட்டாள்:

"கட்டடத்துக்கு என்ன போட்டிருக்கீங்க?"

"கட்டடத்துக்கு ஏனு இல்ல மேடம், ஒண்ணும் போடல. எப்படியும் இடிச்சிட்டு அபார்ட்மென்ட்தான். இடிக்கிற கூலியை நான் உங்ககிட்ட கேக்கல, அதுவே சகாயம்."

டேரில் தலையாட்டினான். முட்டி போட்டுப் பார்த்த ஏப்ரல்கள், சம்ப்புக்கும் குழாய்க்கும் சுண்ணாம்புக்கும் ஒதுக்கிய மாதங்கள், எதற்கும் அந்தக் காகிதத்தில் இடமில்லை. ஜனவரியில் ஒப்படைப்பதாகக் கையெழுத்தானது.

அன்று மாலை அவள் தனக்கோடிக்குச் சொல்லியனுப்பினாள். பின்சுவரில் இன்னும் இரண்டு சஜ்ஜாக்கள் இருந்தன. டேரிலுக்குக் கோபம்.

"நாலு மாசத்துல இடிக்கப்போற வீடும்மா. அதுக்கு யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா?"

"நாலு மாசமும் அவ அங்கதான் துவைக்கணும்."

"காசு?"

"என்னோட இந்த மாசச் சம்பளம் வீட்டுக்கு," என்றாள்.

தமயந்தி அன்று அவளைத் தேடி முன்பக்கம் வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, நான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இங்கயே துவைச்சிருந்தா..."

"போகச் சொன்னது நான்மா," என்றாள் ஜோசஃபின்.

தமயந்தி திரும்பிப் பின்பக்கம் போனாள். அவள் போன பிறகு ஜோசஃபின் வாசல் குழாயைத் திறந்து, உலர்ந்து கிடந்த வாசலைக் கழுவினாள். பிறகு எதற்காகக் கழுவினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தனக்கோடி இரண்டு நாளில் வேலையை முடித்தார். மேலே சாரம் கட்டி நின்று, அந்த இரண்டு சஜ்ஜாக்களையும் முனையிலிருந்து சிறிது சிறிதாக உடைத்துச் சுவர் வரை வந்து, கம்பிகளை அறுத்து, சுவரைப் பூசினார். கூலி வாங்க மாட்டேன் என்றார். அவள் சட்டைப் பையில் திணித்தாள். விழுந்துபோன சஜ்ஜாவின் கம்பிகள் மட்டும் சுவரிலிருந்து வளைந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

"இதையும் அறுத்துடவா அக்கா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் இரண்டாவது முறை கேட்காமல் சாரத்தைப் பிரித்தார்.

தமயந்தி இப்போது பின்பக்கக் கல்லில்தான் துவைக்கிறாள். மேலே தொங்குவது ஏழு கம்பி. சுவரோரத்தில் மூன்றுக்கு ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறது. நான்காவதை உப்புத்தாளால் பாதி வரைக்கும் தேய்த்திருக்கிறது.